வால்வு ஆம்ப்ளிபயரும் வில்லரே வீடுகளும்

பல வருஷங்களாக ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் பாட்டுக் கேட்டு வந்த ஒருவர், அதில் இன்ன குறை என்று சுட்டிச் சொல்ல முடியாத நிலையிலும் அதை இறக்கி வைத்துவிட்டு, காலாவதியாகிப் போனதென்று உலகம் முடிவு கட்டிய வால்வு ஆம்ப்ளிபயரை அந்த இடத்தில் ஏற்றி வைக்க ஏன் முனைகிறார் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. வால்வில்தான் நாதத்துக்கு உயிர் உண்டு, டிரான்சிஸ்டர் வெறும் யந்திரம் என்பது ஒரு விடை. வால்வு தருவது சிதைவு, அந்தச் சிதைவு காதுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி என்பது மற்றொரு விடை. முன்னதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ரஸிகர்கள். பின்னதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினியர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் தமக்குள் சிரித்துக்கொள்வது வழக்கம். என் அபிப்பிராயத்தில் இரு தரப்பாருமே ஆம்ப்ளிபயரைத் தனியாக எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு விசாரிக்கிறார்கள். ஒரு ஸ்பீக்கரோடும், ஓர் அறையோடும், கேட்கப்படும் சங்கீதத்தோடும் சேரும்போதுதான் அந்தச் சாதனத்துக்கு ஒரு குணம் ஏற்படுகிறது. ஆகவே வால்வுக்கு மாறலாமா என்ற விவகாரத்தை ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட விதமான வீட்டில் வைத்துப் பார்ப்பதே நியாயம். மான்ட்ரியால் நகரின் வடபாகத்தில், ஜாரி பூங்காவுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் வில்லரே அதற்குப் பொருத்தமான இடம்.

இந்த நகரத்துக்கு ஒலியோடு உள்ள உறவு பழமையானது. தட்டு வடிவக் கிராமபோனை ஆக்கிய எமில் பெர்லினர், அமெரிக்காவில் வழக்குகளில் சிக்கித் தம் வியாபாரம் முடங்கியபின், 1900-ஆம் வருஷத்தை ஒட்டி இங்கே இசைத்தட்டுத் தயாரிப்பைத் தொடங்கினார். அவருடைய ஸ்தாபனம் கைமாறிக் கைமாறி ஆர்.சி.ஏ. விக்டர் ஆயிற்று, நகரின் தென்மேற்கிலுள்ள அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் பிற்பாடு அவர் பெயராலேயே ஒரு காட்சிசாலை அமைந்தது. 1920 மே 20-ஆம் தேதி, மார்க்கோனி கம்பெனியின் எக்ஸ்.டபிள்யூ.ஏ. நிலையம் மான்ட்ரியாலிலிருந்து அனுப்பிய இசையை ஒட்டாவாவில் கூடியிருந்த ராயல் சொசைட்டி அங்கத்தினர்கள் கேட்டு வியந்தார்கள். அந்த ஒலிபரப்பு வால்வின் ராஜ்யத்தில் நடந்தது. டிரான்சிஸ்டரின் ராஜ்யத்திலும் இந்தப் பிரதேசம் பின்தங்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பூஷெர்வில்லில் இயங்கும் சிமாடியோவும், மான்ட்ரியாலிலேயே தோன்றிய கிளாசே நிறுவனமும் 1980-ல் பிறந்தவை. இரண்டும் உலகெங்கும் பெயர் பெற்றது டிரான்சிஸ்டர் சாதனங்களால்தான். பக்கத்து மாகாணத்துப் பிரைஸ்டன் கம்பெனி தன் ஆம்ப்ளிபயர்களுக்கு 20 வருஷ உத்தரவாதம் கொடுத்துப் புகழடைந்தது. வில்லரேவாசி ஒருவர் வால்வுக்கு மாறும்போது, மட்டமான எதையோ விட்டுவிட்டு மேலானதற்குப் போகிறார் என்று எண்ணக்கூடாது. வீட்டு வாசலிலேயே கிடைக்கும் முதல்தரமான ஒன்றை விட்டுவிட்டுப் போகிறார். அதனாலேயே இந்தக் கேள்வி சுவாரஸ்யமாகிறது.

தமிழர்களைப் பொறுத்தவரையில் வால்வை நாம் கண்ணீரோடு பிரிந்தவர்கள் அல்ல. யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் இலங்கை வானொலியைக் கேட்ட தலைமுறைக்கு, குமிழைத் திருகிவிட்டு வால்வு சூடேறும் வரை காத்திருப்பது தினசரிக் காரியம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் வால்வு செய்யத் தொடங்கிய மறு வருஷமே ஜெர்மேனியம் அரைக்கடத்திகளையும் செய்யத் தொடங்கிவிட்டது என்பதிலிருந்து, வால்வின் ஆயுள் நம் நாட்டில் எவ்வளவு குறுகியதாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். மின்சாரம் எட்டாத கிராமத்துக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ போயிற்று. வயலுக்கும் வரப்புக்கும் போயிற்று. கையில் தூக்கிக்கொண்டு போகலாம், தொட்டால் சுடாது, தட்டினால் உடையாது. வில்லரேக்கு மேற்கே, ரயில் பாதைக்கு அப்பால், ஈழத்தமிழர் பலர் வந்து குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனில், அந்தத் தலைமுறைப் பெரியவர் ஒருவரிடம் வால்வு ஆம்ப்ளிபயருக்கு இன்று ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் தோன்றும் ஆச்சரியத்தில் பரிகாசமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

வீட்டுச் சங்கீதத்துக்கான வால்வு ஆம்ப்ளிபயர் தன் பூரண வடிவத்தை எய்தியது மிகச் சுருக்கமான ஒரு காலத்தில். 1947-ல் வயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகையில் வில்லியம்சன் என்ற எஞ்சினியர் வெளியிட்ட 15 வாட் வரைபடம், சிதைவை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைத்துக் காட்டி, வீட்டிலேயே கட்டிப் பார்க்கிறவர்களின் வேதமாயிற்று. 1953-ல் பீட்டர் வாக்கரின் குவாட் இரண்டாம் மாடல் வந்தது. 1959-ல் டேவிட் ஹாஃப்லரின் டைனகோ ஸ்டீரியோ 70 வந்தது, ஈ.எல்.34 என்னும் வால்வு நான்கைக் கொண்டு பக்கத்துக்கு 35 வாட் தந்த அந்தச் சாதனம் லட்சக்கணக்கில் விலையாயிற்று. அடுத்த பத்து வருஷத்துக்குள் கடைகளில் வால்வு அருகிவிட்டது. புதிதாக வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களில் பல, உண்மையாகவே மோசமானவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒலியலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கும் அமைப்பில், ஒன்று விட்டு மற்றொன்று பிடிக்கும் இடத்தில் ஒரு சிறு விக்கல் ஏற்பட்டது. சத்தம் குறையக் குறைய அந்த விக்கலின் விகிதம் கூடிற்று. இரவில் மெதுவாக வைத்துக் கேட்டவர்களுக்கு அது கண்ணாடித்தூள் போல உறுத்தியிருக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கு வறட்சி என்ற அபகீர்த்தி அப்போது ஏற்பட்டது. காரணம் நீங்கிப் பல வருஷமான பிறகும் அபகீர்த்தி நீங்கவில்லை. 1970-ல் மினியாபொலிஸில் வில்லியம் ஜான்சன் ஆடியோ ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கி வால்வை மீட்டு வந்தார். 1977-ல் பாரிஸில் ழான் ஹிராகா முதலானோர் ‘லோடியோஃபீல்’ பத்திரிகையை நடத்தத் தொடங்கி, ஜப்பானியர் ஒற்றை டிரையோடு வால்விலிருந்து பெறும் எட்டு வாட் சங்கீதத்தைப் பிரெஞ்சு வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். பிரெஞ்சு பேசும் மான்ட்ரியாலில் இந்த விஷயத்தின் மேல் ஆங்கிலப் பத்திரிகைகளின் நிழலோடு அந்தப் பாரிஸ் பத்திரிகையின் நிழலும் விழுந்திருக்கிறது.

இனி, யந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வால்வு என்பது காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குப்பி. உள்ளே சூடேறிய ஓர் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, நானூறு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உள்ள தகட்டை நோக்கி விரைகின்றன. இடையில் நிற்கும் கம்பி வலையில் பாட்டின் சிறிய மின் அலை கொடுக்கப்படும்போது அந்த ஓட்டம் அதற்கேற்பத் தளர்ந்தும் இறுகியும் போகிறது. இந்த மூன்று உறுப்புகளை மட்டும் கொண்ட வால்வுக்கே டிரையோடு என்று பெயர். அங்கே மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் சொற்பம். ஸ்பீக்கர் கேட்பதோ குறைந்த அழுத்தத்தில் மிகுந்த ஓட்டம். இரண்டையும் இசைவிக்க நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டியிருக்கிறது. வால்வு ஆம்ப்ளிபயரின் எடையும் விலையும் பெரும்பாலும் அந்த இரும்பிலும் தாமிரத்திலும் இருக்கின்றன; அதன் குணதோஷங்களில் கணிசமான பகுதியும் அங்கேதான். டிரான்சிஸ்டருக்கு இந்தத் தரகர் தேவையில்லை. அது ஸ்பீக்கரை நேராகவே பிடித்து ஆட்டுகிறது.

இந்த வித்தியாசத்தின் பலன், ஆம்ப்ளிபயர் தன் வெளியீட்டில் தானே காட்டும் தடையான வெளித்தடை என்னும் ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரின் வெளித்தடை ஓர் ஓமில் நூறில் சில பங்கு. பின்னூட்டம், அதாவது வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிட்டுப் பிழை திருத்தும் ஏற்பாடு, இல்லாத ஒற்றை டிரையோடு வால்வு ஆம்ப்ளிபயரின் வெளித்தடை இரண்டு ஓம், சமயத்தில் மூன்று ஓம். ஸ்பீக்கர் பெட்டியின் பின்புறத்தில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், அது எல்லா ஸ்வரத்துக்கும் எட்டாக நிற்பதில்லை. ஓரிடத்தில் ஐந்தாக இறங்கும், பெட்டியும் கூம்பும் தாமாகவே அதிரும் இடத்தில் முப்பதாகவும் ஏறும். இந்த ஸ்பீக்கரை 2 ஓம் வெளித்தடையுள்ள வால்வு ஆம்ப்ளிபயரோடு இணைத்தால், தடை ஐந்தாக இருக்கும் ஸ்வரங்கள் ஏறக்குறைய மூன்று டெசிபெல் தாழ்ந்து ஒலிக்கும். முப்பதாக இருக்கும் ஸ்வரங்கள் அரை டெசிபெல்லுக்குச் சற்று அதிகமாகத்தான் தாழும். இரண்டுக்கும் இடையே இரண்டரை டெசிபெல்லுக்குக் கிட்டத்தட்ட வித்தியாசம். டிரான்சிஸ்டரில் அதே வித்தியாசம் பத்தில் ஒரு டெசிபெல்கூட இராது. இரண்டரை டெசிபெல் என்பது கற்பனை அல்ல. பழக்கமில்லாத காதுக்கும் பிரத்தியட்சமாகத் தெரியும் அளவு. கீழ் ஸ்வரங்களில் ஒரு செழிப்பு, குரல் நிற்கும் இடத்தில் ஒரு முன்வருகை, உச்சத்தில் ஒரு சாந்தம் என்று வால்வு அன்பர்கள் வர்ணிக்கும் அனுபவத்தில் பெரும் பகுதிக்கு இதுவே காரணம் என்பது என் துணிபு. ஆனால் எந்த ஸ்வரம் உயரும், எது தாழும் என்பதை வால்வு நிர்ணயிப்பதில்லை; ஸ்பீக்கரின் தடை வளைவு நிர்ணயிக்கிறது. நண்பர் வீட்டில் தேனாக ஒலித்த அதே ஆம்ப்ளிபயர் நம் வீட்டில் மந்தமாக ஒலிப்பதற்கு, நம் காதையோ நம் அதிர்ஷ்டத்தையோ நோக வேண்டியதில்லை.

சிதைவைப் பற்றிய பேச்சை இதற்கு அடுத்தபடியாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் அதில் தம்பூரா கேட்டுப் பழகிய நமக்கு மற்றவர்களைவிடச் சுலபமாக விளங்கும் நுட்பம் ஒன்று இருக்கிறது. தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால் அதில் மேல் ஸ்தாயி ஷட்ஜமும், அதன்மேல் பஞ்சமமும், அதற்கும் மேலே மறுபடி ஷட்ஜமும், ஐந்தாவதாக ஸ்வயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் கொண்டாடும் அந்தர காந்தாரமும் தாமாகவே எழுகின்றன. எந்த ஆம்ப்ளிபயரும் தன்னிடம் வந்த ஸ்வரத்தோடு தானாகச் சேர்க்கும் சிதைவு இந்த வரிசையில்தான் பிறக்கிறது. ஒற்றை டிரையோடு சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாவதை. அதாவது பாடகர் பாடிய ஸ்வரத்துக்கு மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரம் மெல்லியதாகக் கூடுகிறது. அது நூற்றுக்கு ஒன்றிரண்டு அளவில் இருந்தாலும், ஏற்கெனவே அங்கே உள்ள நாதத்தில் கரைந்து, தடிப்பாக மட்டும் தோன்றுகிறது. பழைய டிரான்சிஸ்டரின் விக்கல் விளைவித்ததோ ஏழாவது, பதினோராவது போன்ற உயர்ந்த படிகளை. ஏழாவது கைசிகி நிஷாதத்துக்கும் கீழே எந்த ஸ்வரத்திலும் சேராமல் நிற்பது. பதினோராவது சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே தொங்குவது. அவை அளவில் எத்தனை சிறியவையாக இருந்தாலும் அபஸ்வரமே. ஆகவே சிதைவு எத்தனை சதவிகிதம் என்று மட்டும் கேட்பது, கச்சேரியில் எத்தனை பேர் பாடினார்கள் என்று மட்டும் கேட்டு என்ன பாடினார்கள் என்று கேளாமலே எழுந்து வருவதாகும்.

இதிலும் ஒரு பரவலான தவறான எண்ணம் உண்டு. வால்வு என்றாலே இரண்டாம் படி இனிமை என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு வால்வுகளை எதிரெதிராக நிறுத்தி வேலை வாங்கும் அமைப்பில், அதாவது குவாட், டைனகோ, மக்கின்டாஷ் ஆகிய பேர்பெற்ற சாதனங்கள் எல்லாவற்றிலும், இரட்டைப்படைச் சிதைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சி நிற்பதில் முக்கியமானது மூன்றாவது, அதாவது பஞ்சமம். ஒற்றை டிரையோடும் எதிரிணை வால்வும் ஒரே குலப்பெயரைச் சுமக்கும் இரண்டு வேறு பிராணிகள். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்குகிறவர்களை நான் அறிவேன்.

கேட்கப்படும் சங்கீதமும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. இரண்டு ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒரு சிதைவுள்ள சாதனத்தின் வழியே போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய ஸ்வரங்கள் உண்டாகின்றன. ஸ்வரங்கள் பெருகப் பெருக இந்தக் கலப்பு பன்மடங்காகப் பெருகி ஒரு மூட்டமாகிறது. கர்நாடக சங்கீதத்தில் ஒரு குரல், அதைத் தொடரும் ஒரு வயலின், கீழே சுருதி, பக்கத்தில் மிருதங்கம். எந்த நொடியிலும் ஒலிக்கும் ஸ்வரங்கள் சில. அவற்றிலும் ஷட்ஜ பஞ்சமங்கள் சேர்ந்து பெறும் பிள்ளைகள் பெரும்பாலும் அதே குடும்பத்தில் வந்து விழுகின்றன. எட்டு வாட் டிரையோடில் ஒரு பழைய விருத்தமோ பதமோ கேட்டால் அறையில் ஒருவர் வந்து உட்கார்ந்தது போன்ற பிரமை உண்டாவதில் வியப்பில்லை. 1980-களில் ஷார்ல் துத்வா மான்ட்ரியால் சிம்பொனிக் குழுவோடு சேன்-உஸ்தாஷ் தேவாலயத்தில் டெக்கா கம்பெனிக்காகப் பதிவு செய்த ராவெலின் இசையை அதே எட்டு வாட்டில் வைத்துப் பாருங்கள். வாத்தியங்கள் எல்லாம் ஒருங்கே எழும் இடத்தில் பட்டு கசங்கிப் போகும். இந்த நகரத்தின் மிகப் பிரசித்தமான இசைத்தட்டுகளுக்கு, நல்ல டிரான்சிஸ்டரோ பெரிய எதிரிணை வால்வோதான் ஏற்றது.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளித்தடை உயர்ந்த ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கரின் கூம்பு அடிபட்டு அதிர்ந்தபின் அதைச் சட்டென்று பிடித்து நிறுத்துவதில்லை. கும்கிகள் சற்று நீண்டு, சற்று வீங்கி ஒலிக்கும். சிலருக்கு அது பிடிக்கும். பாலக்காட்டு மணி ஐயரின் விரல்களைக் கேட்க உட்காருகிறவருக்குப் பிடிக்குமா என்பது சந்தேகம்.

இவ்வளவு வித்தியாசம் உண்டென்றால், கண்ணை மறைத்துச் செய்த பரீட்சைகள் ஏன் வேறு விதமாகப் பேசுகின்றன? 1973-ல் ரஸ்ஸல் ஹாம் என்பவர் அமெரிக்க ஒலிப்பொறியியல் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையை வால்வுக் கட்சியார் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவர் ஆராய்ந்தது ஒலிப்பதிவு நிலையங்களில் மைக்குக்கு அடுத்தபடி நிற்கும் சிறு ஆம்ப்ளிபயர்களை, அதுவும் சக்திக்கு மீறிப் பளு ஏற்றப்பட்ட நிலையில். வீட்டில் மிதமாகக் கேட்கிறவருக்கு அந்த முடிவு நேராகப் பொருந்தாது. 1978-ல் ஜேம்ஸ் மாயர், குவாட் கம்பெனியின் ஆதரவில், அதன் பழைய வால்வு மாடலையும் 303, 405 என்ற இரண்டு டிரான்சிஸ்டர் மாடல்களையும் மறைத்துவைத்துத் தேர்ந்த காதுகளைக் கேட்கச் செய்தார். ஒருவராலும் நம்பத்தக்க விதத்தில் பிரித்தறிய முடியவில்லை. 1987 ஜனவரியில் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை வெளியிட்ட பரீட்சையில், சில நூறு டாலர் பயோனியரும் பல ஆயிரம் டாலர் ஃபுட்டர்மன் வால்வும் ஒரே வரிசையில் நின்றன; கேட்டவர்களின் விடைகள் நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு மேல் தேறவில்லை.

இவற்றின் நடுவே நிகழ்ந்த ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றிலும் பொருள் பொதிந்ததாகப் படுகிறது. 1985-ல் பாப் கார்வர் என்ற ஆம்ப்ளிபயர் தயாரிப்பாளர், எந்த ஆம்ப்ளிபயரைக் கொடுத்தாலும் தம் டிரான்சிஸ்டர் சாதனத்தை அதேபோல் ஒலிக்கச் செய்வதாக ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்குச் சவால் விட்டார். அவர்கள் விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றைக் கொடுத்தார்கள். சான்டா ஃபே நகரத்தில் உட்கார்ந்து, இரண்டு சாதனங்களின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறத்தாழ எழுபது டெசிபெல் கீழே போகும்வரை அவர் தம் சாதனத்தைத் திருத்திக்கொண்டே போனார். முதலில் வித்தியாசத்தைக் கேட்டுச் சொன்ன பத்திரிகைக்காரர்கள், கடைசியில் கேட்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பின்னால் விற்பனைக்கு வந்த பிரதிகளைப் பற்றி இரு சாராருக்கும் கோர்ட்டு வரை தகராறு நடந்தது வேறு கதை. இந்தச் சம்பவம் இரண்டு கட்சியையும் ஒருசேரச் சங்கடப்படுத்துகிறது. வித்தியாசம் உண்மையாகவே இருந்தது, ஆகையால் ரஸிகர் பொய் சொல்லவில்லை. வால்வே இல்லாமல் அதை உண்டாக்க முடிந்தது, ஆகையால் ரகசியம் கண்ணாடிக் குப்பிக்குள் இல்லை. மாயரின் பரீட்சைக்கும் இதற்கும் முரண்பாடு ஒன்றும் இல்லை. குவாட்டின் வால்வு மாடல் பின்னூட்டத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொண்ட ஒன்று, ஆகையால் பெரிதும் டிரான்சிஸ்டரைப் போலவே நடந்துகொண்டது. ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃப்ளாயிட் டூல் பல வருஷம் நடத்திய கேட்புப் பரீட்சைகள் ஸ்பீக்கரையும் அறையையும் மையமாக வைத்தவை. விவகாரத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பதற்குக் கனடாவிலேயே கிடைக்கும் சாட்சியம் அது.

வில்லரே வீட்டுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த இரண்டடுக்கு, மூன்றடுக்குச் செங்கல் வீடுகள்; தெருப்பக்கத்தில் வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு; அடுக்குக்கு ஒரு குடும்பம்; மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே மரத்தளம். மேலே குழந்தை ஓடினால் கீழே தெரியும். கீழே தவில் ஒலித்தால் மேலே தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் எவரும் நூறு வாட்டை உபயோகிப்பதில்லை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கரில், சாவகாசமாகக் கேட்கும் சராசரி சத்தத்துக்கு அரை வாட்டோ அதற்கும் குறைவோ போதும். உச்சங்களுக்குப் பத்துப் பதினைந்து வாட். ஆகவே ஈ.எல்.84 ஜோடி கொண்ட சிறிய எதிரிணை ஆம்ப்ளிபயரே இங்கே தாராளம். 300பி என்னும் ஒற்றை டிரையோடின் எட்டு வாட்டில் ஆசை வைத்தவர் மட்டும் 92 டெசிபெல்லுக்குக் குறையாத ஸ்பீக்கரை முதலில் தேடட்டும். அண்டை வீட்டாரின் சௌகரியம் இங்கே வால்வின் பக்கம் சாட்சி சொல்கிறது. அதே மரத்தளத்துக்கு ஒரு தீமையும் உண்டு: நடையின் அதிர்வு வால்வுக்குள் இருக்கும் மெல்லிய வலையை ஆட்டி, ஸ்பீக்கரில் மணிச் சத்தமாக வெளிப்படலாம், ஆம்ப்ளிபயரைச் சுவரில் பதித்த பலகையில் வைப்பது உத்தமம்.

உஷ்ணத்தின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. ஈ.எல்.34 நான்கு கொண்ட ஆம்ப்ளிபயர் பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் 150 வாட்டைத் தின்றுகொண்டிருக்கும். இழைகளைச் சூடாக்க மட்டும் ஏறக்குறைய 38 வாட். தினம் நாலு மணி நேரம் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 220 யூனிட்டை எட்டாது. ஹைட்ரோ-கெபெக்கின் மலிவான கட்டணத்தில் இருபது டாலருக்கு இப்படி அப்படி. அதுவும் முழு நஷ்டம் அல்ல. மின்சாரக் கணப்பால் சூடேறும் வீட்டில், வெளியே மைனஸ் இருபதில் பனி கொட்டும் ஜனவரியில், ஆம்ப்ளிபயர் கக்கும் ஒவ்வொரு வாட்டும் கணப்பின் கணக்கில் கழிந்துவிடுகிறது. சென்னையில் அதே உஷ்ணத்தை வெளியேற்றக் குளிர்சாதனத்துக்கு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும். வில்லரேயிலும் ஜூலை மாதப் புழுக்கத்தில் மூன்றாம் அடுக்கில் வால்வு ஏற்றுகிறவர் இருக்க மாட்டார். ஆகவே பழைய டிரான்சிஸ்டரை விற்றுவிடாமல் கோடைக்கு வைத்துக்கொள்வதே புத்தி.

ஜூலை என்றதும் நினைவுக்கு வருகிறது: மாதத்தின் முதல் தேதி கெபெக் மாகாணமே வீடு மாறும் நாள். கொண்டுபோக முடியாத மரச்சாமான்கள் நடைபாதையில் குவியும். அவற்றினிடையே 1960-களின் எலெக்ட்ரோஹோம் முதலிய கனடியக் கம்பெனிகளின் நீண்ட ரேடியோகிராம் பெட்டி கிடப்பதும் உண்டு. உள்ளே நல்ல டிரான்ஸ்பார்மர்களோடு சிறிய வால்வு ஆம்ப்ளிபயர் இருக்கக்கூடும். எடுத்து வந்து உடனே செருகிப் பார்க்கும் சபலத்தை அடக்குவது அவசியம். அரை நூற்றாண்டு தாண்டிய காகித, மின்பகு கண்டென்ஸர்கள் முதல் பாய்ச்சலிலேயே வெடிக்கலாம், டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோகலாம். செருகியைப் பிடுங்கியபிறகும் உள்ளே தேங்கி நிற்கும் நானூறு வோல்ட் ஆளைக் கொல்லப் போதுமானது. அனுபவமுள்ள கைக்கே அது உரியது. புதிதாகத் தூரதேசத்திலிருந்து தருவித்தாலும், கனடியப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பின்பலகையைப் பார்ப்பது நலம்.

வால்வு தேயும் பொருள் என்பதையும் மறக்கலாகாது. வெளியீட்டு வால்வுகள் இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் மணி வரை உழைக்கும். சிறிய வால்வுகள் அதற்கு இரண்டு மடங்கு. இன்று உலகத்துக்கு வால்வு செய்து தருபவை ஸ்லோவாகியாவில் ஜே.ஜே., ருஷ்யாவில் சராடோவ் நகரத்துத் தொழிற்சாலை, சீனத்துச் சில ஆலைகள், அமெரிக்காவில் 300பி செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2022 மார்ச்சில் ருஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது கிட்டார் வாசிப்பவர்களும் வீட்டு ரஸிகர்களும் ஒரே வாரத்தில் கடைகளைக் காலி செய்தார்கள். வரவு மறுபடி தொடங்கியது, விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. பழைய பெங்களூர் வால்வுகளைக்கூடத் தேடி வாங்குகிறவர்கள் உண்டென்பது நம்மவர்களுக்குப் பெருமையாகவே இருக்கலாம்.

வால்வின் பேரைச் சொல்லி விற்கும் கலப்பு வகைகளையும், இடையில் ஒற்றைச் சிறு வால்வைச் செருகிக் கீழிருந்து ஆரஞ்சு விளக்குப் போட்டுக் காட்டும் பெட்டிகளையும் பற்றி விரித்தெழுத அவசியமில்லை. மேலே சொன்ன வெளித்தடை அவற்றில் டிரான்சிஸ்டருடையது. ஆகவே வித்தியாசத்தின் பெரும் பங்கு அங்கே வருவதற்கு வழியில்லை.

மாறலாமா என்று தயங்குகிறவருக்கு அதிகச் செலவில்லாத பரீட்சை ஒன்று உண்டு. கார்வரே பிற்காலத்தில் தம் சன்ஃபயர் ஆம்ப்ளிபயர்களில் சாதாரண வெளியீட்டோடு ஏறக்குறைய ஓர் ஓம் தடையுள்ள இரண்டாவது வெளியீட்டையும் வைத்தார். வால்வு போலக் கேட்க விரும்புகிறவர் கம்பியை அதில் மாட்டிக்கொள்ளலாம். அதையே நாமும் செய்யலாம். பத்து வாட் தாங்கும் இரண்டு ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு வாங்கி, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் சிவப்புக் கம்பியின் நடுவே ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். சத்தம் இரண்டு டெசிபெல் குறையும். குமிழைத் திருகி அதை ஈடு செய்யாமல் ஒப்பிடக்கூடாது, ஏனெனில் சத்தமாக ஒலிப்பதையே காது நல்லதென்று கொள்ளும். பழக்கமான ஒரு குரலை, பழக்கமான ஒரு மிருதங்கத்தைச் சில இரவுகள் இப்படிக் கேட்கட்டும். குரல் முன்வந்து, கீழ் ஸ்வரங்கள் செழித்து, அந்த மாற்றம் நிலையாகப் பிடித்திருந்தால், அவருடைய ஸ்பீக்கரும் வால்வும் ஒத்துப்போகும் என்று பெரும்பாலும் நம்பலாம். ஒற்றை டிரையோடின் தடிப்பையும் சேர்த்து அனுபவிக்க அவர் கடைக்குப் போகலாம். மிருதங்கம் குழைந்து குரல் மூடிக்கொண்டால், வால்வுக்கென்று எடுத்துவைத்த தொகைக்கு வேறு ஸ்பீக்கர் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். ரெசிஸ்டர் இரண்டும் சேர்ந்து சில டாலர்தான்.